அங்கே காற்று உண்டா?

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் நாங்கள் இருவரும் சுகம். உன் அத்தானின் முழங்கால் மட்டும் தனக்குச் சுகமில்லை என்று தினமும் காலையில் அறிவிக்கிறது. நீ இப்போது எந்தக் கடலில் இருக்கிறாய்? உடம்பு எப்படி? எஞ்சின் அறைச் சூட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஒரு செய்தி இருக்கிறது, உட்கார்ந்துகொண்டு படி. எங்கள் டி.வி. நிலையம் கோள்களைப் பற்றி ஒரு தொடர் எடுக்கப் போகிறது. எட்டுக் கோளுக்கு எட்டு நிகழ்ச்சி, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. வெளியிலிருந்து படம் வாங்கிக் குரல் மட்டும் கொடுப்பதில்லை. முழுக்க நாங்களே எடுப்பது. கோள்களைச் செய்யும் வேலை எனக்கு! செய்தி வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் இத்தனை வருடம் நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவளிடம் சூரியக் குடும்பத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். தூக்கம் வரவில்லை, பசிக்கவில்லை. சந்தோஷத்தில்தான், பயப்படாதே.

இயக்குநர் ஒரு தொப்பிக்காரர். வெயிலானாலும் விளக்கானாலும் தொப்பியைக் கழற்றுவதில்லை, அதனால் நிலையத்தில் அவர் பெயரே தொப்பி. நேற்று, கோள்களின் மாதிரி வரைபடங்களைக் கேட்டு வந்து நின்றார்.

"செவ்வாய் எப்பம்மா கிடைக்கும்?"

"வியாழன் கிடைச்சிடும் சார்."

"வியாழன் இருக்கட்டும், நான் செவ்வாயைக் கேக்கறேன்."

"அதையேதான் சார் சொல்றேன். செவ்வாய் வியாழக்கிழமை கிடைக்கும். வியாழன் அதுக்கடுத்த செவ்வாய்க்கிழமை."

தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இனிமேல் நாளைச் சொல்லாமல் தேதியைச் சொல்வதாக எல்லோரும் முடிவு செய்திருக்கிறோம்.

பலூனை ஊதி, செய்தித்தாளைக் கிழித்து, பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். நகத்துக்குள் எல்லாம் பசை. உடனே பதில் போடு. நீ கரைக்கு வரும் மாதம் எது என்று எழுது.

உன் அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அத்தானையும் அவர் முழங்காலையும் தனித்தனியாக விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதம் கம்பெனி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. படித்துவிட்டு இங்கே பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். "எங்க அக்கா கிரகம் செய்யறாங்க" என்றால் யாருக்கும் புரியவில்லை. விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அக்கா, இது உன் கைக்கு என்றைக்கோ வந்திருக்க வேண்டிய வேலை.

கப்பலைப் பழுதுபார்க்க நிறுத்தியிருக்கிறார்கள். முடியச் சில மாதங்கள் ஆகும். அப்படியானால் வீட்டுக்கு வரலாமே என்பாய். நகரக் கூடாது என்று உத்தரவு. தங்குவதற்கு நல்ல இடம்தான். நீளமான கூடம், உயரமான கூரை, இரண்டு பக்கமும் ஜன்னல். குளிரானாலும் ஜன்னலைச் சாத்த விடமாட்டார்கள். காலையில் முற்றத்தைச் சுற்றி நடக்க வேண்டும், மாலையில் சீக்கிரம் படுத்துவிட வேண்டும். மேற்பார்வைக்கு ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எல்லோரும் போர்வைக்குள் போய்விடுவோம். தினமும் பாலும் முட்டையும் உண்டு. கப்பலில்கூட இவ்வளவு கவனித்ததில்லை.

முக்கியமான விஷயம்: கூடத்துக்கு அடுத்த அறையில் டி.வி. இருக்கிறது. உன் தொடரை ஒன்றுவிடாமல் பார்ப்பேன். இனிக் கடிதத்தை இந்த உறையின் பின்பக்கம் உள்ள நண்பர் முகவரிக்கு அனுப்பு, சீக்கிரம் கிடைக்கும்.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே. ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்க வைக்கிறார்களா? என்ன கம்பெனியோ! காதை மூடிக்கொண்டு படு.

வரும் ஞாயிறு மாலை முதல் நிகழ்ச்சி. புதன் முடிந்துவிட்டது, பள்ளம் பள்ளமாக அழகாக வந்திருக்கிறது. பிளாஸ்டர் ஈரமாக இருக்கும்போது கோலிக்குண்டுகளை எறிந்து எறிந்து பள்ளம் போட்டேன். உன் அத்தானும் வந்து எறிந்தார். பாதி சுவரில்தான் பட்டது.

வெள்ளிதான் என் உயிரை வாங்குகிறது. அது முழுக்க மேகம் அப்பா. மலையா, பள்ளமா, ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. எப்படி வண்ணம் அடித்தாலும் சுண்ணாம்பு உருண்டை மாதிரி இருக்கிறது. கடைசியில் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, அதில் பாலும் மஞ்சள் வண்ணமும் சொட்டுச் சொட்டாக விட்டுப் படம் பிடித்தோம். அடடா, மேகம் அப்படியே சுருண்டு புரண்டு வந்தது! கேமராக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொடரின் தகவல்களைச் சரிபார்க்க வரும் புரொபசர் மட்டும், "வெள்ளிக்குப் பால் வாசனை கிடையாதும்மா" என்றார்.

எனக்கு நீ ஒரு உதவி செய்ய வேண்டும். இங்கே எதைக் காட்டினாலும் "பிரமாதம்" என்கிறார்கள். உன் அத்தான் பார்க்காமலே பிரமாதம் என்கிறார். நீயும் உன் கூடத்து ஆட்களும் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுது. என் மனம் நோகுமே என்று மறைக்காதே. நீ மறைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் சௌக்கியம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. எடைகூடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

இரண்டு நிகழ்ச்சிகளும் பார்த்தோம். புதன் வந்த அன்று டி.வி. முன்னால் ஐந்தாறு பேர்தான். வெள்ளிக்கு நாற்காலி போதவில்லை, பெஞ்சை இழுத்து வந்து போட்டோம். உள்ளதைச் சொல்லச் சொன்னாய். புதனைத் தாங்கும் நூல் ஒரு இடத்தில் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர், "இவ்ளோ பெரிய கிரகம், இத்துனூண்டு நூல்ல தொங்குதே, அறுந்தா என்னாகும்?" என்று கேட்டார். (துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி வந்தவர், இங்கேதான் தங்கியிருக்கிறார்.) வெள்ளியின் மேகம் வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றே பார்த்தார்கள். அது பால் என்று நான் சொன்னதும் பெரியம்மாவுக்குத்தான் கோபம். "குடிக்கற பாலை இப்படியா கொட்டுவாங்க?" என்றார்.

ஆனால் ஒன்று. எந்தக் கோளைக் காட்டினாலும் இங்கே எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "அங்க காத்து உண்டா?" புதனில் இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கினார்கள். வெள்ளியில் காற்று உண்டு, ஆனால் விஷம், அனல் வேறு என்று சொன்னதும் லாரி டிரைவர், "அப்ப அதுவும் வேணாம், அடுத்ததப் பாப்போம்" என்றார், வாடகைக்கு வீடு பார்க்கிறவர் மாதிரி. உங்கள் நிகழ்ச்சியில் காற்றைப் பற்றி ஓரிரு வரிதான் வருகிறது. இன்னும் கொஞ்சம் சொன்னால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆசை. நூல் விஷயத்தைக் கேமராக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது, ஆனால் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். இனிமேல் நூலே கிடையாது. பின்பக்கம் கம்பி கொடுத்து, மேஜை ஃபேன் மோட்டாரில் பொருத்திச் சுற்றவிடுகிறோம்.

நீ சொன்னதைத் தொப்பியிடமும் சொன்னேன். "யாரும்மா கேக்கறாங்க இதை?" என்றார். "கப்பல்காரங்க சார்" என்றேன். "கப்பல்காரங்களுக்குக் காத்து மேல என்ன அவ்வளவு அக்கறை? பாய்மரமா ஓட்டறாங்க?" என்று சிரித்தார். ஆனாலும் புரொபசரை உட்கார வைத்து, செவ்வாய் நிகழ்ச்சியிலிருந்து காற்றுக்கென்று தனியாக ஒரு பகுதி எழுதி வாங்கிவிட்டார். எனவே உங்கள் கூடத்தின் சொல் அம்பலம் ஏறிவிட்டது என்று சொல்.

அவர் கேட்டது எனக்கும் தோன்றியது. ஏனப்பா எல்லோரும் காற்றையே கேட்கிறார்கள்? நானாக இருந்தால் தண்ணீர் உண்டா என்று கேட்பேன்.

அடுத்தது பூமி. பார்த்துவிட்டு எழுது.

உன் அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோருக்கும் என் அன்பு. நான் நலம்.

பூமி! எப்படி அக்கா செய்தாய்? நான் எத்தனையோ கடல் பார்த்தவன். மேலிருந்து பார்த்தால் கடல் இப்படித்தான் இருக்கும் என்று உன் நீலத்தைப் பார்த்ததும்தான் தெரிந்தது. அறையில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அப்புறம் வழக்கம்போல் ஒருவர், "இங்க காத்து உண்டா?" என்று விளையாட்டாகக் கேட்டார். லாரி டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "காத்தெல்லாம் எக்கச்சக்கமா இருக்கு. நமக்குத்தான் வந்து சேர மாட்டேங்குது" என்றார். பாவம், அவர் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா! அறையே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து அத்தனை பேருக்கும் இருமல். பெரியம்மா ஓடி வந்து டி.வி.யை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டினார். அவரும் பின்னால் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன்.

அடுத்தது செவ்வாய் அல்லவா? சிவப்புக்கு என்ன போட்டாய்? செங்கல் பொடியா?

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீயும் அத்தானும் சுகமா? என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. எப்போதும் நான்தான் தாமதம் செய்வேன், நீ செய்யமாட்டாய். வேலை மிகுதி என்று நினைத்துக்கொள்கிறேன்.

செவ்வாய் நிகழ்ச்சியில் காற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் இங்கே கைதட்டல். ஏதோ தங்கள் பெயரையே டி.வி.யில் சொல்லிவிட்ட மாதிரி ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அங்கே காற்று உண்டு, ஆனால் மிகவும் மெலிசு என்றார் தொடருக்கும் பேசும் உங்கள் செய்தி வாசிப்பவர். "மெலிசா இருந்தா என்ன, பழகிக்கலாம்" என்று மூலையில் இருந்த தையல்காரர் சொன்னார். அவர் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

வியாழனுக்காக எல்லோரும் காத்திருக்கிறோம். ஒரு வரியாவது எழுது.

தம்பி

*

ஏப்ரல் 19

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் எழுதுகிறேன். பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா?

நீங்கள் கேட்டுக்கொண்டபடி, வந்ததை உங்கள் தம்பியிடம் சொல்லவில்லை. கம்பெனிக்கு போன் செய்து, அவர் டிசம்பரிலேயே கப்பலை விட்டு இறங்கி எங்களிடம் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்துகொண்ட உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பெரிய பையும் போர்வையுமாக, இங்கேயே தங்கிவிடும் திட்டத்தோடுதான் வந்தீர்கள். டி.வி. அறை ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றீர்கள். பிறகு என்னிடம் வந்து, "நான் கிளம்பறேன் சிஸ்டர். நான் வந்தது அவனுக்குத் தெரிய வேணாம்" என்றீர்கள். இத்தனை வருட வேலையில் ஒரு அக்கா இப்படித் திரும்பிப் போய் நான் பார்த்ததில்லை. காரணம் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

டாக்டர் உங்களிடம் சொன்னதை நானும் எழுத்தில் தருகிறேன், திரும்பத் திரும்பப் படித்துக்கொள்ளலாம். காசநோய்தான், ஆனால் மருந்து நன்றாக வேலை செய்கிறது. இனி அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. மருந்தை நடுவில் விடாமல் முடித்தால் பூரணமாகக் குணமாகிவிடும். விடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

பெரியம்மா என்று என்னைப் பற்றி எழுதுகிறாராமே? நீங்கள் சொன்னதிலிருந்து செருப்பை மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

உங்கள்,
தலைமை நர்ஸ்

*

ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ கோபித்துக்கொண்டிருப்பாய். வேலை கழுத்தைப் பிடித்துவிட்டது, அதனால்தான் எழுதவில்லை. உன் இரண்டு கடிதங்களும் பத்திரமாக வந்தன.

வியாழன் பார்த்தாயா? அதை எப்படிச் செய்தேன் தெரியுமா? குயவர் சக்கரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் மேல் உருண்டையை வைத்துச் சுற்றவிட்டேன். தூரிகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டால் போதும், பட்டைகள் தாமாக விழுகின்றன. கை நடுங்கினால் வியாழனும் நடுங்கும். ஒரு பட்டை அப்படி நெளிந்துவிட்டது. புரொபசர் பார்த்துவிட்டு, "இது புயல் மாதிரி இருக்கு, இருக்கட்டும்" என்றார்.

கப்பல் பழுது எந்த அளவில் இருக்கிறது? இத்தனை மாதம் ஆகிறதே, எந்தப் பாகம் கெட்டது? நன்றாகக் கைதேர்ந்தவர்கள்தான் பார்க்கிறார்களா? அவசரப்பட்டு அரைகுறையாகக் கடலில் இறக்கிவிட வேண்டாம் என்று சொல். முழுக்கச் சரியாகட்டும். எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பாலைக் கீழே ஊற்றாமல் குடி. ஜன்னலைத் திறந்துவைப்பதும் நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

உன் அக்கா

*

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு நிம்மதி. நானும் நலமே.

சனிக் கோள் வந்த அன்று சமையல்கட்டு ஆட்கள்கூட வந்துவிட்டார்கள். அந்த வளையம்! தண்ணீரில் போட்டால் சனி மிதக்கும் என்று செய்தி வாசிப்பவர் சொன்னதும், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், கப்பல்காரன் உறுதி சொல்ல வேண்டும் என்பது போல. "மிதக்கும், மிதக்கும். ஆனா அவ்ளோ பெரிய துறைமுகம் வேணும்" என்றேன். யுரேனஸ் சாய்ந்து படுத்தபடி சுற்றுகிறது என்றதற்கு லாரி டிரைவர், "நம்ம ஆளு" என்று சொல்லிக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பழுதைப் பற்றிக் கேட்டிருந்தாய். காற்று இழுக்கும் பக்கம்தான் கொஞ்சம் அடைத்துக்கொண்டிருந்தது. வெளியில் பார்த்தால் தெரியாது, ஆனால் சுமை ஏற்றினால் இரையும். ஆரம்பத்தில் எனக்கே இது தேறுமா என்று சந்தேகம்தான். இப்போது உள்ளே விளக்கடித்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பெரிய மெக்கானிக் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நன்றாகத் தெளிந்திருக்கிறது. ஓட்டிப் பார்க்கும்போது சத்தமே இல்லை. அடுத்த மாதம் விட்டுவிடுவார்கள்.

வழக்கத்தைவிட இந்தக் கப்பலைப் பற்றி நீ அதிகம் விசாரிக்கிறாய். சந்தோஷமாக இருக்கிறது.

தையல்காரர் போன வாரம் குணமாகி... வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார். நெப்டியூன் பார்க்காமல் போகிறேனே என்றுதான் அவருக்குக் குறை. உங்கள் வீட்டில் டி.வி. இருக்கும்தானே, அங்கே பாருங்கள் என்றோம். "தனியா பாத்தா என்ன இருக்கு" என்றார்.

அன்புடன்,
தம்பி

*

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

நலம். இந்த முறை நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நீ நலம் என்று எனக்குத் தெரியும். டாக்டர் கடைசிப் பரிசோதனை முடிந்ததை எழுதியிருக்கிறார், பெரிய சிஸ்டரும் எழுதியிருக்கிறார்.

ஆமாம் அப்பா, தெரியும். பூமி நிகழ்ச்சி பற்றி எழுதினாயே, சிரித்துச் சிரித்து அத்தனை பேருக்கும் இருமல் என்று, அன்றே தெரிந்துவிட்டது. அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு வண்ண டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் காற்றைக் கேட்பது, திறந்த ஜன்னல், பால், முட்டை, பக்கத்துக் கட்டில். அப்புறம்தான் கம்பெனிக்கு போன் செய்தேன்.

கோபம் வந்தது. அழுகை வந்தது. தொப்பியிடம் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் தூக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்கம்மா. சனிக்கு யாரையும் வைக்க மாட்டேன்" என்றார். அன்றுதான் அவர் தலையைப் பார்த்தேன். வழுக்கைகூட இல்லை.

அங்கே வந்து சேர்ந்தபோது டி.வி. அறையில் வியாழன் ஓடிக்கொண்டிருந்தது. நீ டி.வி. பக்கத்தில் நின்றுகொண்டு, கையை நீட்டி எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாய். "பிரஷ்ஷ அசைக்காமப் பிடிச்சிருப்பாங்க பாருங்க. கிரகம்தான் சுத்தும். எங்க அக்காவுக்குக் கை நடுங்கவே நடுங்காது." அதுவரை நான் உனக்குச் சொல்லவே இல்லையே, எப்படிக் கண்டுபிடித்தாய்? மெலிந்திருந்தாய். ஆனால் அந்த அறையில் நோயாளி யார் என்று கேட்டால் உன்னைக் கைகாட்ட முடியாது. கப்பல்காரன் ஒருவன், அக்கா செய்த வேலையைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். நான் உள்ளே வந்திருந்தால் அந்த நிமிடமே நீ கட்டிலுக்குப் போயிருப்பாய், நான் உனக்குப் போர்வை இழுத்துவிட்டிருப்பேன். ஜன்னலோரம் நின்றபடியே இதை நினைத்துப் பார்த்தேன். உன்னை அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் சரி என்று பட்டது. பஸ்ஸில் வழியெல்லாம், கூட வந்திருந்த உன் அத்தான்தான் எனக்குக் கைக்குட்டை கொடுத்துக்கொண்டு வந்தார். அவருடையது தீர்ந்துபோய் முன்சீட்டுக்காரரிடம் கேட்டார்.

கப்பல் சரியாகிவிட்டது அல்லவா? கிளப்பிக்கொண்டு நேரே வீட்டுக்கு வா. முன்னறைக்கு வெள்ளையடித்தாயிற்று. ஜன்னல் இரண்டு பக்கமும் திறக்கும்.

உன் அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இதுவரை நலம் என்று எழுதியபோதெல்லாம் பேனா கொஞ்சம் தயங்கும். இன்று தயங்கவில்லை.

நான் கப்பலில் இல்லை அக்கா. கப்பல் என்னை விட்டுவிட்டு என்றோ போய்விட்டது. இது நெஞ்சு நோய் ஆஸ்பத்திரி. எனக்குக் காசநோய் வந்தது, இப்போது போய்விட்டது. போய்விட்ட பிறகு சொல்லலாம் என்றுதான் காத்திருந்தேன்.

சொல்லியிருந்தால் நீ அன்றே வந்திருப்பாய். என் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாய். கோள்களை வேறு யாராவது செய்திருப்பார்கள். அதை டி.வி.யில் பார்த்துக்கொண்டு நான் எப்படித் தேறியிருப்பேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் முதல் கடிதம் வந்தபோது நான் மிகவும் மோசமாக இருந்தேன். நெப்டியூன் வரை இருப்பேனா என்று நினைத்தேன். பிறகு அடுத்த ஞாயிறு வரை இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன். அது வந்ததும் அதற்கடுத்தது. நெப்டியூன் வந்த அன்று, அங்கே சூரியக் குடும்பத்திலேயே வேகமான காற்று என்று சொன்னதும் அறையே எழுந்து ஆரவாரம் செய்தது. கடைசியில் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட மாதிரி! நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வந்துவிட்டோமே என்று இருந்தது.

லாரி டிரைவரும் நானும் ஒன்றாகத்தான் கிளம்புகிறோம். இதை நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன். நான் வருவதற்குள் படித்துவிட்டு, திட்டுவதையெல்லாம் அத்தானிடம் திட்டித் தீர்த்துவிட்டு எனக்குக் கதவைத் திற.

உன் தம்பி

*

ஜூன் 30

அன்புள்ள பெரிய சிஸ்டருக்கு,

நீங்களும் வார்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே மூவரும் நலம். மூவர் என்று எழுதும்போதே எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்.

அவன் வந்துவிட்டான். நான் ஆஸ்பத்திரி முகவரிக்கே எழுதிய கடிதம் அவன் கையில் கிடைக்கவே இல்லை. அதற்குள் கிளம்பிவிட்டான். அவன் எழுதியதோ அவன் வந்த அதே காலையில்தான் வந்தது. வாசலில் நின்று பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு மேல் மாடி. கீழே லாரி வந்து நிற்கும் சத்தம், யாரோ "போயிட்டு வரேன்டா" என்று கத்தும் சத்தம், பிறகு படியில் காலடி. தொடர்ந்து ஏறி வந்தது, நடுவில் எங்கும் நிற்கவில்லை. கடிதத்தில் இருந்த கண்ணை எடுத்துவிட்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் எதிரே நிற்கிறான். கன்னம் கொஞ்சம் உருண்டிருக்கிறது. உங்கள் பாலும் முட்டையும்.

என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"படிச்சிட்டியா?"

"பாதிதான்."

"எதுவரைக்கும்?"

"கப்பல்ல இல்லன்ற வரைக்கும்."

தலையைக் குனிந்துகொண்டான். "அக்கா, கோவமா?"

"மீதியில என்ன எழுதியிருக்க?"

"அத... நீயே படிச்சிக்கோயேன்."

"கண்ணாடி உள்ள இருக்கு. நீயே வாயால சொல்லு."

கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது சிஸ்டர். அவனும் பார்த்தான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சத்தம் போட்டு, வாய்விட்டுச் சிரித்தான். நான் என்னையறியாமல் காத்திருந்தேன், இப்போது இருமுவான், இப்போது இருமுவான் என்று. இருமவில்லை. சிரித்து முடித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். சமையலறையில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். எனக்குத் தெரிந்ததையும் புதிதாகக் கேட்பவள் மாதிரிக் கேட்டேன். நான் அங்கே வந்துவிட்டுப் போனதை இன்னும் சொல்லவில்லை. என் கடிதம் அங்கே வந்திருந்தால் தயவுசெய்து இங்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அவன் அதையும் படிக்கட்டும், ஆனால் அவசரமில்லை.

நிலையத்தில் அடுத்து எரிமலைகளைப் பற்றித் தொடராம். தொப்பி நேற்றே எரிமலை எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டார். கோள்கள் இனி அவர்களுக்கு வேண்டாம். உங்கள் டி.வி. அறைக்கு ஒன்று அனுப்பலாம் என்று நினைக்கிறேன். எது வேண்டும் என்று வார்டில் எல்லோரையும் கேட்டு எழுதுங்கள்.

அவன் முன்னறையில் தூங்குகிறான். இந்தக் கடிதத்தை அந்த அறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மூச்சு சீராக வருகிறது. சத்தமே இல்லை.

உங்கள் அன்புள்ள,
அக்கா